இரண்டாவது சங்கு

மே 25, சனி

அறிவியல் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். யாராவது திறந்தால் முதலில் தவளையின் செரிமான மண்டலம்தான் தெரியும். வெளிச்சத்துக்கு ஆல்வினின் விளையாட்டு டார்ச். ஆல்வின் என் தம்பி, ஆறு வயது. இப்போது என் காலில் தலை வைத்துத் தூங்குகிறான்.

இன்று மதியம் தேனாறு கேம்ப்புக்கு வந்தோம். அணை கட்டிய காலத்தில் வேலைக்காரர்களுக்குப் போட்ட குடியிருப்பு இது. அதனால் ஊருக்கே கேம்ப் என்று பெயர். நான் இங்கேதான் பிறந்தேன். அப்பா அணையில் ஷட்டர் ஆப்பரேட்டர். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, அரைப் பரீட்சைகூட எழுதவிடாமல், மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு ராமநாதபுரம் பக்கம் கூட்டிப் போய்விட்டார். அங்கே ஆறு கிடையாது. குடிக்கிற தண்ணீரே லாரியில்தான் வரும். எனக்கு அந்த ஊர் பிடித்திருக்கிறது.

அப்பாவோடு வேலை பார்த்த ஞானமுத்து மாமா ஓய்வு பெற்று இங்கேயே வீடு கட்டியிருக்கிறார். வியாழக்கிழமை வீட்டுப் பிரதிஷ்டை, ஜெபம் செய்து புது வீட்டுக்குள் போகிற நாள். அப்பா முதலில் வர முடியாது என்றார். மாமாவின் மனைவி ரூபி அத்தை போனில் அழுத பிறகு சரி என்றார். சரி என்றதும் ஆல்வினைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அருவி, வவ்வால் குகை, பொதிப்பாறை எல்லாம் காட்டுதேன்ல. ஒரு நாளும் வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது, என்ன?"

பஸ் பாலத்தில் வரும்போது அப்பா மலைப் பக்கம் கையைக் காட்டி அதோ பார், இதோ பார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆறு பாலத்துக்குக் கீழே இருந்தது. நானும் மலையைத்தான் பார்த்தேன்.

ஒன்றை முதலிலேயே எழுதி வைக்கிறேன். என் தோழியின் அம்மா பகவதி அத்தை ஆற்றோடு போன அன்று அணைச் சங்கு மூன்று தடவையும் ஊதியது. நான் வீட்டில் இருந்தேன். மூன்றையும் கேட்டேன். விசாரணைக்கு வந்த ஆபீசரிடமும் அப்படித்தான் சொன்னேன்.


மே 26, ஞாயிறு

காலையில் கோயில். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பத்துக் கட்டளைகளையும் பாராமல் சொன்னார்கள். எட்டு வரைக்கும் நானும் கூடவே முணுமுணுத்தேன். பிறகு தண்ணீர் குடிக்க வெளியே போய்விட்டேன்.

சாயங்காலம் அணைப் பூங்கா. சிமெண்டு முதலையின் வாய்க்குள் ஆல்வின் தலையை விட்டுக்கொண்டு போட்டோ எடுக்கச் சொன்னான். முதலைக்கு இப்போது பச்சைப் பெயிண்ட். முன்பு நீலமாக இருந்தது. அணையின் கிழக்கு ஓரத்தில் சங்கு அறையும் அதன்மேல் நாலு வாய் வைத்த குழாயும் அப்படியே இருக்கின்றன.

"அது என்னதுப்பா?" என்று ஆல்வின் கேட்டான்.

அப்பா ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார். ஞானமுத்து மாமாதான் பதில் சொன்னார். "அதாம்ல சங்கு. ஷட்டரத் தூக்குறதுக்கு முன்னால மூணு தடவ ஊதுவாங்க. கால் மணிக்கு ஒண்ணு. மூணாவது ஊதுன பொறவுதான் தண்ணி விடுவாங்க. ஆத்துக்குள்ள நிக்கவங்க எல்லாம் ஏறிரணும்."

"முதல்ல ஊதும்போதே ஏறிரணுமா?"

மாமா சிரித்தார். "முத சங்கு டூரிஸ்ட்டுக்கு. அது ஊதுனா பிரியாணிப் பொட்டலத்தப் போட்டுட்டு ஓடுவானுவ. நம்ம கேம்ப்புக்காரங்க அசைய மாட்டாங்க. ரெண்டாவதுக்குத்தான் துணியப் பிழிவாங்க. அதுக்கப்புறமும் கால் மணி இருக்குல்லா."

இது உண்மைதான். கேம்ப்பில் முதல் சங்குக்கு யாரும் எழுந்திருப்பதில்லை. எழுந்தால் கேலி செய்வார்கள்.

பூங்கா வாசலில் மீன் பொரிக்கிற கடை. சுடலைமுத்து மாமாவுடையது. அப்பா அந்தப் பக்கம் வராமல் டிக்கெட் கவுண்டர் வழியாகவே வெளியே போனார். ஆல்வின்தான் என் கையை இழுத்துக்கொண்டு கடைக்கு ஓடினான். தட்டு கழுவிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். கனி.

பேச்சிக்கனி என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் இருந்தவள். சுடலைமுத்து மாமாவுக்கும் பகவதி அத்தைக்கும் ஒரே பிள்ளை. கைகளைப் பாவாடையில் துடைத்துவிட்டு அப்படியே என்னைக் கட்டிக்கொண்டாள். மீன் வாசனை. நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவள் தலையைத் திருப்பி வலது காதை என் பக்கம் கொண்டுவந்தாள்.

"சத்தமாச் சொல்லுட்டி. எனக்குக் காது கொஞ்சம் சரியில்ல."


மே 27, திங்கள்

எட்டுப்படி அருவிக்குப் போனோம். நடக்கிற தூரம் இரண்டு கிலோமீட்டர். எட்டுப் படியும் பெரும்பாலும் காய்ந்து கிடந்தன. ஓரமாக மட்டும் தண்ணீர் நூல் மாதிரி இறங்கியது. ஆல்வினுக்கு அதுவே போதும். சட்டையைக் கழற்றிக்கொண்டு நின்றுவிட்டான்.

கனியும் வந்தாள். அம்மாதான் நேற்றுக் கடையில் அவளைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறாள். அப்பா அவளிடம் "நல்லாப் படிக்கியாம்மா?" என்று கேட்டார். அவள் "ஆமா மாமா" என்றாள். அதன் பிறகு அப்பா வழி நெடுக முன்னாலேயே நடந்தார்.

பாறையில் உட்கார்ந்து நெல்லிக்காய் தின்றோம். காது என்ன ஆனது என்று கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். அவளே சொன்னாள்.

"வேற ஒண்ணுமில்லட்டி. அன்னைக்குச் சங்கு மூணு ஊதிச்சில்லா, எனக்கு ஒண்ணுதான் கேட்டுச்சு. அதுலேர்ந்துதான் தெரிஞ்சுது. எங்கப்பா திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போயி டாக்டர்ட்டக் காட்டுச்சு. மிஷின்லாம் வச்சுப் பாத்தாரு. நல்லாருக்குன்னு சொல்லிட்டாரு. ஆனா சில சத்தம் மட்டும் கேக்காம இருக்கும் போல. ஸ்கூல்ல முத பெஞ்சுலதான் இருக்கேன்."

"இப்பம் நான் பேசுறது கேக்குதா?"

"கேக்கு. ஆனா எது கேக்கலன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அந்தக் கொஞ்சத் தண்ணீரிலேயே எல்லாரும் தலையை நனைத்தார்கள். தலையில் தண்ணீர் விழுந்தால் எனக்கு மூச்சு முட்டும் என்று அம்மாவுக்குத் தெரியும். அதனால் என்னை யாரும் வற்புறுத்தவில்லை.

அன்று சங்கு மூன்று தடவை ஊதியது.


மே 28, செவ்வாய்

வவ்வால் குகை. நாற்றம். அப்பா இரண்டு தடவை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டார். டார்ச்சை அணைக்கிறேன்.


மே 29, புதன்

பொதிப்பாறைக்கு ஜீப்பில் போனோம். மேலே ஏறினால் அணை, காலனி, கோயில், பாலம், ஆறு எல்லாம் தட்டில் வைத்த மாதிரி தெரியும். டிரைவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஆறு வளைகிற இடத்தில், பாலத்துக்குக் கீழே வெள்ளையாக ஒரு பாறை. "அது துணிப்பாறை. இப்பம் யாரும் அங்க துவைக்கிறதில்ல" என்றார். அப்பா ஜீப்பின் டயரைப் பார்க்கப் போய்விட்டார்.

கனி என் பக்கத்தில் நின்றாள். கையை நீட்டிக் காட்டினாள்.

"அந்தப் படி தெரியுதா? அதுல பாதி ஏறிட்டேன். முத சங்கு ஊதுனதும் அம்மை பிழிஞ்ச துணியெல்லாம் வாளியில போட்டு என்னையப் போகச் சொல்லிச்சு. போர்வ ஒண்ணுதான் பாக்கி. அலசிட்டு ரெண்டாவது சங்குக்கு ஏறிருதேன்னுச்சு. தண்ணிச் சத்தத்துல அம்மைக்குக் கேக்காது பாத்துக்க. எப்பவும் என்னையத்தான் கேக்கும். படியில நிக்கேன், 'ஏட்டி, ரெண்டாவது ஊதிட்டா?'ன்னு கீழருந்து சத்தம் போட்டுச்சு. நான் 'இன்னும் இல்லம்மா'ன்னேன்."

நீட்டிய கையை இறக்கினாள்.

"ரெண்டும் ஊதி, மூணும் ஊதியிருக்கு. நான் இன்னும் இல்லன்னு சொல்லியிருக்கேன்."

நான் ஆல்வினைக் கூப்பிட்டேன். அவன் பக்கத்தில்தான் நின்றான்.

அவள் அப்பாவும் இதைத்தான் சொல்வாராம். ஆர்டர் சொன்னது காதில் விழாவிட்டால், "ஒங்கம்மைக்கும் கேக்காது, ஒனக்கும் கேக்காது" என்பாராம். மற்றபடி அத்தையின் பேரையே எடுப்பதில்லையாம். போர்வைக்கு ஆசைப்பட்டுச் செத்தவள் என்று ஊரே பேசியதில் அவருக்கு அவமானம். கடையில் அத்தையின் போட்டோகூட இல்லை என்பதை அப்போதுதான் யோசித்தேன்.

அத்தை போன அன்று கோயிலில் அசனப் பண்டிகை. காலையிலிருந்து ஊருக்கே சாப்பாடு. கேம்ப் முழுவதும் பந்தியில்தான் இருந்தது. குழாய் ஸ்பீக்கரில் பாட்டு வேறு. அதனால்தான் துணிப்பாறையில் பகவதி அத்தையையும் கனியையும் தவிர யாரும் இல்லை. விசாரணையில் கேட்டபோது எல்லாரும் சங்கு ஊதியது என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஊதியது. ஆனால் யாரும் எண்ணவில்லை. கேம்ப்பில் யாரும் எண்ண மாட்டார்கள்.

கனி மட்டும் ஒன்று என்றாள். ஆபீசர் எங்கள் வீட்டுக்கு வந்தார். டீ குடித்தார். எனக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார். "உன் பிரண்டு ஒண்ணுன்னு சொல்றா பாப்பா. நீ என்ன சொல்ற?" என்று கேட்டார். அப்பா அவருடைய நாற்காலிக்குப் பின்னால் நின்றார். நான் மூன்று என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

ஒன்பதாவது கட்டளை, பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது. இந்த நோட்டில் இரண்டு தடவை மூன்று என்று எழுதியிருக்கிறேன். ஒன்றுதான் ஊதியது. 


மே 30, வியாழன்

பிரதிஷ்டை நடந்தது. ஐயர் வந்து ஜெபம் செய்து ரிப்பன் வெட்டினார். ஐயர் என்றால் எங்கள் பாதிரியார். மதியம் ஆட்டுக்கறிச் சாப்பாடு. நான் ரசம் மட்டும் ஊற்றிக்கொண்டேன். ரூபி அத்தை வாளியோடு என் இலைக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"என்னட்டி, கறி வேண்டாங்க? முன்ன இப்படியா இருந்த? கிரேஸ், ஒம் மவளப் பாரேன். நீங்க இங்க இருந்த கடைசி அசனத்துல என் கையால ரெண்டு தடவ வாங்கித் தின்னவ இவ. கடைசிப் பந்தி. மணி நாலே முக்காலு இருக்கும். தின்னுட்டு எந்திரிக்கதுக்குள்ளதான் ஆத்துல ஆள் போயிட்டுன்னு சத்தம் வந்துச்சு. எப்படி மறப்பேன்?"

அம்மா, "அன்னைக்கு இவளுக்குக் காய்ச்சல்லா? வீட்லதான இருந்தா?" என்றாள்.

"காய்ச்சலா? எலும்பக்கூட விடாமக் கடிச்சா!"

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. எதிர்ப் பந்தியில் அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்தார்.

பிறகு கிணற்றுப் பக்கம் என்னிடம் வந்தார். "ரூபி சொன்னத யாரும் காதுல வாங்கல. நீயா எதுவும் வாயத் தெறக்காத. ரெண்டு நாளு. ஊருக்குப் போயிருவோம்" என்றார். சொல்லும்போது இரண்டு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தார். எனக்கும் பயம். ஆனால் அவர் அளவுக்கு இல்லையோ என்று இன்றுதான் தோன்றியது.

அப்பா கைக்கடிகாரம் கட்டுவதில்லை. செல்போனில்தான் மணி பார்ப்பார்.


மே 31, வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

ஷட்டரைத் தூக்கும் இடம் அணையின் நடுவில். சங்கு அறை கிழக்கு ஓரத்தில். ஒருவர் சங்கை ஊத வேண்டும், இன்னொருவர் ஷட்டரில் நிற்க வேண்டும். அன்று ஞானமுத்து மாமா லீவு போட்டுவிட்டு அசனத்தில் சாம்பார் வாளி தூக்கப் போய்விட்டார். மலையில் மழை பெய்து அணைக்குத் தண்ணீர் நிறைய வந்தது. அப்பா தனி ஆள்.

அதற்கு முன்பும் என்னைச் சங்கு ஊத விட்டிருக்கிறார். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். சிவப்புப் பித்தானை அழுத்தி இருபது எண்ண வேண்டும். கேம்ப் முழுவதும் நான் கத்துகிற மாதிரி இருக்கும்.

அப்பா தன் வாட்ச்சைக் கழற்றி என் கையில் கட்டினார். அது முழங்கை வரை ஏறியது. "நாலு மணிக்கு ஒண்ணு. நாலேகாலுக்கு ரெண்டு. நாலரைக்கு மூணு. வாட்ச்சப் பாத்து அமுக்கணும். செய்வியா?" என்றார். செய்வேன் என்றேன்.

நாலு மணிக்கு அழுத்தினேன். இருபது எண்ணினேன்.

அறையில் ஜன்னலைத் திறந்தால் கோயில் தெரியும். கறிக்குழம்பு வாசனை வந்தது. கடைசிப் பந்திக்கு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அப்பாவோடு அணையிலேயே இருந்ததால் மதியம் எனக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை. அம்மா கைக்குழந்தை ஆல்வினோடு அம்பாசமுத்திரத்தில் ஆச்சி வீட்டில் இருந்தாள். ஓடிப் போய் வாங்கிக்கொண்டு நாலேகாலுக்குள் வந்துவிடலாம் என்று நினைத்தேன். பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். கறி சூடாக இருந்தது. இரண்டாவது தடவை போட்டார்கள். வாட்ச் முழங்கைக்கு மேல் இருந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை.

ஷட்டரைத் தூக்குகிற மோட்டார் சத்தம் போடும். ஸ்பீக்கரும் பாடிக்கொண்டிருந்தது. அதனால் சங்கு தனக்குக் கேட்கவில்லை என்று அப்பா நினைத்துக்கொண்டாராம். செல்போனில் நாலரை ஆனதும் தூக்கிவிட்டார்.

அன்று ராத்திரி என் தலையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "நீ சங்கு ரூமுக்கே போகல. காய்ச்சல்ல வீட்ல படுத்திருந்த. மூணும் கேட்ட. வேற எதாவது சொன்னா அப்பாவப் போலீஸு கூட்டிட்டுப் போயிரும். ஒன்னையும் கூட்டிட்டுப் போயிரும்."

அம்மாவுக்கு இது தெரியாது. எனக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான்.

இன்று கடையில் கனி கரண்டி கீழே விழுந்த சத்தத்துக்குத் திரும்பினாள். உடனே பக்கத்தில் நின்ற ஆளிடம், "கரண்டிதான விழுந்துச்சு?" என்று கேட்டாள். எதைக் கேட்டாலும் யாரிடமாவது சரி பார்த்துக்கொள்கிறாள். ஒன்பது வயதில் அவள் சொன்னது சரி. கேம்ப்பிலேயே அவள் ஒருத்திதான் சரியாக எண்ணினாள்.

நாளை காலையில் பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கிறார்கள். சங்கு ஊதுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் பஸ்.


ஜூன் 1, சனி

சொல்லிவிட்டேன்.

காலை ஏழு மணிக்கே பாலத்தில் கூட்டம். அதிகாரிகளும் விவசாயிகளும் பூத்தட்டோடு அணைமேல் நின்றார்கள். தண்ணீர் வரும்போது பூவைத் தூவுவார்கள். அப்பா தலைவலி என்று படுத்துவிட்டார். நானும் கனியும் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

முதல் சங்கு ஊதியது. வயிற்றுக்குள் ஊதிய மாதிரி இருந்தது. டூரிஸ்டுகள் ஆற்றிலிருந்து செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். பாலத்தில் நின்றவர்கள் கை தட்டிச் சிரித்தார்கள். கனி ஒரு விரலை மடக்கினாள். என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணுதான?"

"ஒண்ணு."

கால் மணி நேரம் கழித்து இரண்டாவது. "ரெண்டா?" என்றாள். "ரெண்டு" என்றேன். மூன்றாவது ஊதும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மூணுல்லா?"

"மூணு. கனி, ஒனக்குக் காது சரியாத்தான் இருக்கு. அன்னைக்கும் சரியாத்தான் இருந்துச்சு. ஒண்ணுதான் ஊதிச்சு."

"நீதானட்டி மூணுன்னு சொன்ன?"

"பொய் சொன்னேன்."

"ஒனக்கு எப்படித் தெரியும் ஒண்ணுன்னு?"

"நான்தான் ஊதினேன். அப்பா என்கிட்ட வாட்ச்சக் குடுத்துட்டு ஷட்டருக்குப் போயிட்டாரு. ஒண்ணு ஊதினேன். மத்தது ரெண்டும் ஊதல."

தண்ணீர் வந்துவிட்டது. முதலில் சருகும் குப்பையும் நுரையும். பிறகு செந்தண்ணீர். துணிப்பாறை ஒரு நிமிடத்தில் மூழ்கியது. மேலேயிருந்து தூவிய பூக்கள் பாலத்துக்கு அடியில் போயின. எல்லாரும் குலவையிட்டார்கள்.

கனி என் கையை விட்டுவிட்டாள். "ஏன் ஊதல?"

"கறி வாங்கப் போயிட்டேன்."

"கறியா?"

"ஆமா. அசனத்துல."

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்தத் தடவை காதைத் திருப்பவில்லை. பிறகு கூட்டத்துக்குள் நுழைந்து போய்விட்டாள். நாள் முழுவதும் கடைக்கும் வரவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா வாசலுக்கு வந்து நின்றார். டார்ச்சை அணைக்க நேரமில்லை. "முத நாளுலேர்ந்து நீ எழுதுறதப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். படிக்கல" என்றார்.

"கனிட்டச் சொல்லிட்டேன்."

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்தார். "எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

ஆல்வினின் போர்வையை இழுத்துவிட்டு, "படு" என்றார்.


ஜூன் 2, ஞாயிறு

ஊருக்கு வந்துவிட்டோம். கை வலிக்கிறது, இருந்தாலும் எழுத வேண்டும்.

நான் விழிக்கும்போது அப்பா சட்டை போட்டுத் தலை சீவித் தயாராக இருந்தார். அம்மாவின் கண் வீங்கியிருந்தது. விடியற்காலையில் அவளிடம் சொல்லியிருக்கிறார். நான் கடைக்குத் தனியாகப் போவதாகத்தான் நினைத்திருந்தேன். கனியிடம் சொன்னதை அவள் அப்பாவிடமும் சொல்ல வேண்டும் என்று. அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு, "வா" என்றார்.

சுடலைமுத்து மாமா அடுப்பைப் பற்ற வைத்து முதல் ஈடு மீனைப் போட்டிருந்தார். கனி உள்ளே சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தாள். இன்னும் அவரிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. மாமாவின் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"வாங்க தொரை" என்றார் மாமா. "எட்டு நாளா ஊருல இருக்கிய, இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சுதா?"

அப்பா உட்காரவில்லை. "சுடல, அன்னைக்குச் சங்கு மூணு ஊதல. ஒண்ணுதான் ஊதிச்சு" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். மீதியை நான் சொன்னேன். வாட்ச், ஜன்னல், பந்தி எல்லாம். ஆபீசர் கொடுத்த பிஸ்கட்டைக்கூடச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

மாமா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். மீன் கருகிக்கொண்டிருந்தது. கனி எழுந்து வந்து அடுப்பை அணைத்தாள்.

அவர் எங்களைப் பார்க்கவில்லை. கனியைப் பார்த்தார்.

"அப்பம் ஒங்கம்ம ரெண்டாவதுக்குக் காத்துக்கிட்டு இருந்திருக்கா" என்றார்.

"ஆமாப்பா."

"பகவதி ரெண்டாவதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்திருக்கா. நம்ம எல்லாரும் இருக்க மாதிரி."

அப்பா கைகூப்பினார். மாமா பார்க்கவில்லை. "போங்க தொரை. இப்பம் போங்க" என்றார். நாங்கள் வந்துவிட்டோம்.

பஸ்ஸில் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பாவின் பக்கத்தில் ஆல்வின். பாலத்தைக் கடக்கும்போது நான் ஆற்றைப் பார்த்தேன். தண்ணீர் பாதிப் படி வரை ஓடியது.


ஜூன் 9, ஞாயிறு

விளக்கைப் போட்டுத்தான் எழுதுகிறேன். எதிரே அப்பாவும் எழுதுகிறார். மேலதிகாரிக்கு மனு. மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டார். வேலை போகலாம் என்று அம்மா நேற்று என்னிடம் சொன்னாள். போலீஸ் வருமா என்று கேட்டேன். தெரியாது என்றாள். எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. வாசலில் பைக் நின்றால் எழுந்து பார்க்கிறேன்.

நாலாவது தாளை அப்பா என்னிடம் படிக்கக் கொடுத்தார். இரண்டாவது, மூன்றாவது சங்குகள் ஊதப்படவில்லை, அதற்கு நானே பொறுப்பு என்று இருந்தது. என் பேர் இல்லை.

"நான் இதுல இல்லையேப்பா?"

"ஒம்பது வயசுப் பிள்ள கையில வாட்ச்சக் கட்டிட்டுப் போனவன் நான். பொய்யச் சொல்லிக் குடுத்தவனும் நான்" என்றார்.

"ஆபீசர் திரும்ப வந்து கேட்டா?"

அப்பா பேனாவை மூடினார். "எத்தனன்னு கேட்டா, எத்தனையோ அதச் சொல்லு" என்றார்.

சாயங்காலம் ரூபி அத்தை போன் செய்தாள். கேம்ப்பில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டதாம். அம்மாவிடம் பத்து நிமிடம் அழுதாள். ஞானமுத்து மாமா சாப்பிடுவதில்லையாம். சுடலைமுத்து மாமா கடையில் பகவதி அத்தையின் படத்தை மாட்டி மாலை போட்டிருக்கிறாராம்.

கனி என்னைப் பற்றிக் கேட்டாளா என்று அம்மாவைக் கேட்கச் சொன்னேன். கேட்கவில்லையாம். என் பேரைச் சொன்னால் எழுந்து போய்விடுகிறாளாம்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று டீச்சர் அவளை வழக்கம்போல முதல் பெஞ்சுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கனி பையைத் தூக்கிக்கொண்டு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாளாம். அங்கிருந்தே தனக்கு எல்லாம் கேட்கும் என்றாளாம்.